கேரம் நம்ம ஊர் ஆட்டமா?

உங்கள் கேள்வி நீளமாக இருந்தது, நான் புரிந்துகொண்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் ‘நம் பாரம்பரிய விளையாட்டு’ என்ற தலைப்புக்குக் கேரமைப் பற்றி எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். கேரம் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது, பாரம்பரியத்தில் சேராது என்று வகுப்பில் திருத்திவிட்டார்கள். அவள் முகம் வாடிப்போய் வந்தது உங்களுக்குப் பொறுக்கவில்லை. கூடவே, ‘வடசென்னை’ படத்தில் பார்த்தபடி அந்தப் பக்கத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கேரம் கிளப், ஏன் இத்தனை சாம்பியன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. இந்த ஆட்டத்தை நம்முடையது என்று உரிமையோடு சொல்லலாமா என்பதுதான் நீங்கள் கேட்பது.

நான் வட சென்னைப் புளியந்தோப்பில் வளர்ந்தவன். பத்து வயதில் கேரம் பலகை முன் உட்கார்ந்தேன். பதினைந்து வருடம் போட்டிகளில் ஆடினேன், அப்புறம் நடுவராக இருந்தேன், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்டத்தைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். மற்றபடி நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை. பழைய காலத்தைப் பற்றிச் சொல்லும்போது எது உறுதி, எது வழக்கில் உள்ள கதை, எது என் அனுமானம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் பிறப்பு. கேரமை இன்னார் இந்த வருடம் கண்டுபிடித்தார் என்று காட்டும் ஆவணம் எதுவும் கிடையாது. போர்ச்சுக்கீசியர் கதை இருக்கிறது, பர்மா கதை இருக்கிறது, எத்தியோப்பியா என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பாட்டியாலா அரண்மனையில் கண்ணாடிப் பரப்பு வைத்த பழைய பலகை ஒன்று இருப்பதாகச் சொல்வார்கள். அது எத்தனை வருடப் பழசு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பர்மா கதை எங்கள் பக்கத்தில் அதிகம் புழங்கும். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் வட சென்னையில் நிறைய குடியேறினார்கள், அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடை மாதிரி கேரமும் அவர்களோடு வந்தது என்பார்கள். இது மட்டும் தவறு என்று உறுதியாகச் சொல்லலாம், ஏனென்றால் அதற்கு முன்பே இங்கே கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

போர்ச்சுக்கீசியர் கதைக்கு வருவோம். அதற்கு இருக்கும் ஆதாரம் பெரும்பாலும் பெயர்தான் என்பது என் எண்ணம். ‘கேரம்’ என்ற சொல் பில்லியர்ட்ஸ் மேசையிலிருந்து வந்தது. ஒரு பந்து இன்னொன்றில் பட்டுத் தெறித்து மூன்றாவதைத் தொடும் அடிக்கு அந்தப் பெயர். அது ‘கராம்போல்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். பில்லியர்ட்ஸில் சிவப்புப் பந்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் அப்படிச் சொன்னார்கள். அதற்குப் பின்னால் இருப்பது ‘கரம்போலா’, அதாவது நட்சத்திரப் பழம், நம் ஊரில் தமரத்தங்காய். அந்தப் பழத்தின் பெயரைப் போர்ச்சுக்கீசியர் மராத்தியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பழத்தின் பெயர் பந்துக்குப் போனது என்பதை அகராதிக்காரர்களே ‘இருக்கலாம்’ என்றுதான் எழுதுகிறார்கள். அது உண்மையானால், நம் மேற்குக் கடற்கரையிலிருந்து கிளம்பிய ஒரு சொல் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வேறு வேலைக்கு இங்கே திரும்பி வந்திருக்கிறது. எதுவானாலும் பெயர் வந்த வழியும் ஆட்டம் வந்த வழியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சப்பாத்தியைச் சுட்ட தோசைக்கல்லைத் தோசைக்கல் என்றுதானே சொல்கிறோம்.

விரலால் வட்டைச் சுண்டி ஆடும் பலகைகள் வேறு நாடுகளிலும் இருந்தன என்பது உறுதி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கிராக்கினோல் என்று ஒரு வட்டப் பலகை ஆட்டம் உண்டு. அதில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பலகை 1876-இல் செய்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து லடிங்டன் ஊரில் ஹென்றி ஹாஸ்கெல் என்று ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியர் இருந்தார். பையன்கள் பில்லியர்ட்ஸ் கடைகளில் போய்க் கெடுகிறார்களே என்று கவலைப்பட்டு, மூலைக்கு மூலை பை வைத்த ஒரு பலகையைச் செய்து, 1890-களில் காப்புரிமை வாங்கிக் கம்பெனியே தொடங்கினார். அந்த அமெரிக்கப் பலகைக்கும் கேரம் என்றே பெயர். இந்தியக் கேரம் அதிலிருந்து வந்ததா, அது இங்கிருந்து போனதா என்று இரண்டு பக்கமும் வாதம் உண்டு. இரண்டையும் நிரூபிக்கும் தாள் எவர் கையிலும் இல்லை. ஆகவே ‘போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது’ என்று அடித்துச் சொல்லவும் முடியாது, ‘நம் முன்னோர் கண்டுபிடித்தது’ என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

உறுதியான தரைக்கு வருவது 20-ஆம் நூற்றாண்டில்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தியாவில் பொதுமக்களிடம் இது வேகமாகப் பரவியது. இலங்கையில் 1935 வாக்கில் முறையான போட்டிகளே நடந்தன. அங்கே தமிழர்கள் இதைக் ‘கரம்’ என்கிறார்கள். நம் அரசு அறிவிப்புகளில் ‘சுண்டாட்டம்’ என்று வரும். 1950-கள் முடிவதற்குள் இரண்டு நாடுகளிலும் கூட்டமைப்புகள் வந்துவிட்டன.

அடுத்ததாகச் சொல்லப்போவதுதான் உங்கள் மகளுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். அதற்கு என் முதல் போட்டியைச் சொல்ல வேண்டும். பதினான்கு வயது. எங்கள் தெருவில் ஆடியது பாயிண்ட் ஆட்டம். கறுப்புக் காயின் 5, வெள்ளை 10, ரெட் என்கிற சிவப்புக் காயின் 25. யார் எதை வேண்டுமானாலும் போடலாம். பக்கத்துத் தெருவில் ரெட் 50. என் அத்தை வீட்டில் ரெட்டைக் கடைசியில்தான் போட வேண்டும். ஒரு மாவட்டப் போட்டிக்குப் போய் உட்கார்ந்தேன். எதிராளி பிரேக் செய்ததில் ரெட் வழுக்கிக்கொண்டு என் வலது பாக்கெட் வாயில் வந்து நின்றது. தொட்டால் விழும். தொட்டேன், விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் நடுவர் ரெட்டை எடுத்து மறுபடி நடு வட்டத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். சொந்தக் காயின் ஒன்றாவது போடாமல் ரெட் போட உரிமை இல்லை, கையும் போச்சு என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த போர்டில், அதாவது அந்தச் சுற்றில் தோற்றேன், அதோடு அந்தப் போட்டியிலும் தோற்றேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது, நான் இதுவரை ஆடியது ஒரு தெருவின் ஆட்டம் என்று.

தெருவுக்குத் தெரு மாறிக்கொண்டிருந்த இந்த ஆட்டம் உலகம் முழுக்க ஒரே சட்டத்தில் ஆடும் விளையாட்டாக மாறியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில்தான் தொடங்கியது. பெரம்பூர்ப் பக்கம் ஐ.சி.எஃப். என்றால் ரயில் பெட்டித் தொழிற்சாலை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். கேரம்காரர்களுக்கு மட்டும் அது இந்தக் கூட்டமைப்பின் சுருக்கப் பெயரும்கூட. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று எத்தனையோ நாட்டு ஆட்டக்காரர்கள் அந்தச் சட்டத்தின்படிதான் ஆடுகிறார்கள். ஒரு விளையாட்டு எங்கே பிறந்தது என்பதைவிட எங்கே ஒழுங்குக்கு வந்தது என்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கிரிக்கெட்டை இங்கிலாந்தின் ஆட்டம் என்று நாம் சொல்வது முதல் மட்டையைச் செதுக்கியவர் பெயர் தெரிந்ததாலா? விதியை எழுதி, போட்டி நடத்தி, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தது அவர்கள் என்பதால்தான்.

அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள், எவ்வளவு கவனமாக யோசித்திருக்கிறார்கள் என்று தெரியும். ஆடும் பரப்பு சதுரம், பக்கத்துக்கு 73.5 செ.மீ. முதல் 74 செ.மீ. வரை. பிளைவுட் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பாக்கெட்டின் விட்டம் 4.45 செ.மீ. வெள்ளை 9, கறுப்பு 9, ரெட் 1, ஆக 19 காயின். ஒவ்வொன்றும் 5 கிராமிலிருந்து 5.5 கிராமுக்குள். ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது, உலோகத்தில் செய்யக் கூடாது. நல்ல கை பலம் உள்ளவர் முழு வேகத்தில் அடித்தால் ஸ்ட்ரைக்கர் பலகையின் எதிர்ப்பக்க மரச்சட்டத்தில் பட்டு மூன்றரை முறை போய்வர வேண்டும். பலகையின் வழுவழுப்பையும் மரச்சட்டத்தின் துள்ளலையும் ஒரே அடியில் சோதித்துவிடும் வழி இது. தலைக்கு மேலே 60 முதல் 100 வாட் வரை ஒரு விளக்கு. அந்த மஞ்சள் வெளிச்சம் பலகைக்கு வெளியே போகாதபடி மேலே மூடி போட்டிருக்கும். 25 பாயிண்ட் அல்லது 8 போர்டு, எது முதலில் முடிகிறதோ அதோடு ஒரு கேம் முடியும். ரெட்டுக்கு 3 பாயிண்ட். 22-ஐ எட்டிவிட்டால் ரெட் போட்டாலும் அந்த 3 உங்களுக்குச் சேராது. இந்த ஒரு விதிதான் முன்னணியில் இருப்பவரைக் கடைசிவரை நிம்மதியாக உட்கார விடாமல் வைத்திருக்கிறது. ஆடிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

ஏன் வட சென்னை என்பதற்கு வருகிறேன். இதற்குப் புள்ளிவிவரம் எதையும் காட்ட மாட்டேன், அங்கே வாழ்ந்தவன் என்ற முறையில் என் கணிப்பைச் சொல்கிறேன். எங்கள் வீடு பத்துக்குப் பத்து ஒரே அறை. ஆறு பேர். சாயங்காலம் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கவே முடியாது, இடமும் இல்லை, காற்றும் இல்லை. துறைமுகம், ரயில்வே ஒர்க்‌ஷாப், பின்னி மில் என்று ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வருபவனுக்கும் ராத்திரி பத்துக்கு முடிந்து வருபவனுக்கும் ஒரு மணி நேரம் கழிக்க இடம் வேண்டும். மைதானம் கிடையாது. தெருமுனையில் ஒரு கொட்டகை, கூரையிலிருந்து தொங்கும் பல்பு, ஒரு பலகை, நாலு ஸ்டூல். சுவரில் அம்பேத்கர் படமோ, தலைவர் படமோ, நடிகர் படமோ இருக்கும், பெயர்ப் பலகையில் ‘மன்றம்’ என்றிருக்கும். அதே திண்ணையில் பேப்பரும் படிப்பார்கள். தோற்றவர் போர்டு காசு கொடுப்பார். ஷூ வேண்டாம், பேட் வேண்டாம், உயரம் வேண்டாம், நல்ல சாப்பாடுகூட அவ்வளவு வேண்டாம். நிழலும் ஒரு பிடி பவுடரும் இருந்தால் போதும். நாங்கள் சின்னப் பையன்கள் சுற்றி நின்று பார்ப்போம். ராத்திரி வீட்டுக்குப் போகும்போது கால் பாதமெல்லாம் போரிக் பவுடர் வெள்ளையாக ஒட்டியிருக்கும், அம்மா வாசலிலேயே நிறுத்திக் கழுவச் சொல்வாள்.

அந்தக் கொட்டகைகளில் பந்தயமும் நடந்தது, சண்டையும் நடந்தது, படத்தில் காட்டியது முழுக்கக் கற்பனை இல்லை. அதனால் கேரம் ஆடுகிறவன் என்றால் வேலை வெட்டி இல்லாதவன் என்ற பெயர் நீண்ட நாள் இருந்தது. என் அப்பாவே என் ஸ்ட்ரைக்கரைக் கூவத்தில் எறிந்திருக்கிறார். அவர் கோபம் நியாயமானதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அதே கொட்டகையில்தான் நாங்கள் கணக்கும் பொறுமையும் கற்றோம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும், என்ன சாதியாக இருந்தாலும், அவர் ஆட்டம் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பது பலகையின் ஒழுங்கு. வேறு எந்த இடமும் எங்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

அந்தப் பெயரை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் மரிய இருதயம். முதல் உலக சாம்பியன்ஷிப் 1991-இல் டெல்லியில் நடந்தது, ஒற்றையரில் வென்றவர் இந்தச் சென்னைக்காரர். 1995-இல் கொழும்பில் மறுபடியும் அவரே. தேசியப் பட்டம் ஒன்பது முறை. 1996-க்கான அர்ஜுனா விருது அவருக்கு வந்தபோது எங்கள் பக்கத்துக் கிளப்புகளில் நடந்த கொண்டாட்டத்தை நான் பார்த்தேன். எண்ணெய் நிறுவனங்கள், விமான நிறுவனங்கள், வங்கிகள், எல்.ஐ.சி. என்று பொதுத்துறையில் கேரம் அணிகள் இருந்ததால் நன்றாக ஆடியவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் கிடைத்தது. கொட்டகையில் ஆடிய பையன் காக்கிச் சட்டையோ டையோ மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவதைப் பார்த்த பிறகுதான் அப்பாக்கள் ஸ்ட்ரைக்கரை எறிவதை நிறுத்தினார்கள்.

உங்கள் மகளுக்காகவே அடுத்ததைச் சொல்கிறேன். நான் சொன்ன அந்தக் கொட்டகைகளுக்குள் பெண் பிள்ளைகள் கால் வைக்கவே முடியாது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வியாசர்பாடியின் இளவழகி வந்தார். 2008-இல் பிரான்ஸில் கான் நகரத்தில் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வட சென்னையின் காசிமா ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்று தங்கம் வாங்கினார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. என்னிடம் வரும் பிள்ளைகளில் இப்போது பாதிப் பேர் பெண்கள். எட்டு வயதுக் குழந்தை ஒன்று சரியாக எட்டாமல் ஸ்டூல் மேல் தலையணை போட்டு உட்கார்ந்து, ஓரக் காயினை டபுள் அடித்து எதிர்ப் பாக்கெட்டுக்கு அனுப்பும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

இந்த ஆட்டத்தின் செல்வாக்கு பலகையோடு நிற்கவில்லை என்பதற்கு ஒரு உதாரணம் போதும். கிரிக்கெட்டில் ‘கேரம் பால்’ என்று ஒரு பந்து இருக்கிறது. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பந்தைப் பிடித்து, ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதுபோலச் சுண்டி விடுவது. அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது இலங்கையின் அஜந்தா மெண்டிஸால். 2008 ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியாவின் 6 விக்கெட்டை 13 ரன்னுக்கு எடுத்தார். கிட்டத்தட்ட அப்படியே விரலை மடக்கி வீசிய ஆஸ்திரேலியர் ஜாக் ஐவர்சன் 1950-களிலேயே இருந்திருக்கிறார், அதனால் பந்து புதிது இல்லை. பெயர்தான் நம் பக்கத்துப் பெயர். நம் அஸ்வின் அந்த வித்தையைச் சென்னைத் தெரு டென்னிஸ் பந்து ஆட்டத்தில் ஒருவரிடம் பார்த்துக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். தெருவில் அதற்குப் பெயர் சொடக்கு பால். கேரம் ஆடிப் பழகிய விரல்தான் அதற்குத் தோதாக இருந்தது என்பது என் ஊகம், நிரூபிக்க முடியாது.

கேரம் ஒலிம்பிக்கில் இல்லை, ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் இல்லை. அதனால் செஸ்ஸுக்குக் கிடைக்கும் பணமும் வெளிச்சமும் இதற்குக் கிடைப்பதில்லை, பதினெட்டு வயதில் படிப்பா பலகையா என்று பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டிய நிலை இன்னும் இருக்கிறது. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, உங்கள் மகள் என்ன எழுதலாம்? ‘பழங்கால விளையாட்டு’ என்று எழுத வேண்டாம், அதற்கு ஆதாரம் இல்லை. ‘போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது’ என்று மாற்றவும் வேண்டாம், அதற்கும் ஆதாரம் இல்லை. ‘தோற்றம் உறுதியாகத் தெரியவில்லை, சுமார் நூறு ஆண்டுகளாக இந்தியாவிலும் இலங்கையிலும் மக்கள் ஆடிவருகிறார்கள், இதன் சர்வதேசக் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில் தொடங்கியது’ என்று மூன்று வரி எழுதட்டும். வகுப்பில் யார் கேட்டாலும் நிற்கும். அதோடு, வீட்டில் இருக்கும் பலகையை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். உள் பரப்பு 73.5 முதல் 74 செ.மீ. வரை வந்தால் அது போட்டிப் பலகை. கடையில் விற்கும் சின்னப் பலகை என்றால் குறைவாக வரும். அதில் ஆடிப் பழகினால் விரலின் கணக்கு பிறகு மாறிப்போகும் என்பதால், அவளுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் பலகையை மாற்றுங்கள். அதற்கு முன் 15 கிராமுக்குள் நல்ல அக்ரிலிக் ஸ்ட்ரைக்கர் ஒன்று அவள் பெயருக்கு வாங்கிக் கொடுங்கள். அது பெரிய செலவில்லை.